ரத்தம் கொடுத்த சனிக்கிழமை

ஜனவரி 5, திங்கள்

கருவாயா,

இந்தப் பேரை இன்றுதான் முதல் தடவையாக எழுதிப் பார்க்கிறேன். கல்யாணமான வாரத்தில் வைத்த பேர். நாலு பேர் இருந்தால் 'ஏனுங்க', யாரும் இல்லாவிட்டால் கருவாயன். நேரில் 'நீங்க' போட்டுத்தான் பேசினேன். எழுதும்போது 'நீ' என்று வருகிறது. இருக்கட்டும்.

காலையில் நாச்சிமுத்து அண்ணன் வந்தார். காலேஜில் பஸ் டிரைவர்களுக்கு வருசா வருசம் டைரி கொடுப்பார்கள் இல்லையா, அதில் உனக்கும் ஒன்று கொண்டுவந்தார். நீ வேலையை விட்டு அஞ்சு வருசம் ஆகியும் மேனேஜர் உனக்கு ஒன்று எடுத்து வைப்பாரே, இந்த வருசமும் வைத்துவிட்டார். "என்ன பண்றதுன்னு தெரியலீங்க அம்மிணி, வாங்கீட்டு வந்துட்டேன்" என்று நீட்டினார். சுவரில் இருக்கும் உன் படத்தைப் பார்க்கவில்லை. டீயும் வேண்டாம் என்று போய்விட்டார். காலேஜ் பஸ் நிறுத்துகிற செட்டில் இருபது வருசம் உன்னோடு சேர்ந்து பஸ் ஓட்டின மனுசன். உன்னை எரித்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு நிமிசம் நிற்க மாட்டேன் என்கிறார்.

இன்றோடு நாற்பத்தொன்பது நாள். ஆகஸ்டில் முதுகு வலி என்று போனோம். நவம்பரில் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தோம். நடுவில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அஞ்சாவதோடு நின்ற படிப்பு. அதனால் இதில் எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்காமல் எழுதி வைக்கிறேன். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருகூடப் பொறந்த ஆம்பளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார். ஒரு தம்பி, அம்பத்தேழு வயசு என்றேன். "நோய் வந்தப்புறம் கூட்டீட்டு வராதீங்க. நல்லா நடமாடும்போதே ஒரு ரத்த டெஸ்ட் பாத்துருங்க" என்றார். ஆம்பளைகளுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் வரும் புற்றாம் இது; அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கு வர வாய்ப்பு அதிகமாம்.

வையாபுரித் தம்பியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் சிரித்தார்.

ஜனவரி 6

நல்ல தண்ணீர் வந்தது. எட்டு குடம்.

ஜனவரி 9, வெள்ளி

தறிக்கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றிவிட்டு, அப்படியே வையாபுரித் தம்பி வீட்டுக்குப் போனேன். லுங்கியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் பூங்கொடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தம்பி, டெஸ்டுக்கு எப்பப் போறீங்க?"

"வந்ததும் ஆரம்பிச்சுட்டீங்களா அண்ணி? எனக்கென்னுங்க கொறச்சல்? காவேரித் தண்ணியாட்டம் போவுது."

பூங்கொடி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "காவேரியா? நீங்க பாத்ரூமுக்குள்ள போனா, ஈரோட்டு பஸ்ஸு போயிட்டுத் திரும்பி வந்துரும். அக்கா, சாமத்துல நாலு தடவை எந்திரிக்கிறாருங்க. கேட்டா, எனக்கு நீ வாட்ச்மேனான்னு கேக்கறாரு."

"வயசானா எல்லாத்துக்கும் அப்படித்தாண்டி."

"அப்படித்தான் உங்க அண்ணனும் சொன்னாரு" என்றேன்.

டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு பழையபடி இளித்தார். "அந்த டாக்டருங்க பின்னால வெரல உட்டுப் பாப்பாங்களாமா அண்ணி. ஒரு ஆம்பள அதுக்குப் போயி நிக்கறதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு உயிர் போயிருக்கிறது, இதில் என்ன கேலி என்று சத்தம் போட்டேன். முதலில் ரத்தம் மட்டும்தான் எடுப்பார்கள், அதில் அளவு கூடினால்தான் மற்றதெல்லாம் என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். கடைசியில் இறங்கி வந்தார். வருகிற இருபத்தி நாலு, சனிக்கிழமை, அவர் பஸ் ஓட்டுகிற அதே காலேஜ் செட்டில் டிரைவர்களுக்கு மெடிக்கல் கேம்ப். சுகர், பிரஷர், கண் எல்லாம் பார்ப்பார்கள். அம்பது தாண்டினவர்களுக்கு இந்த டெஸ்டும் அதே ரத்தத்தில் பார்க்கிறார்களாம்.

"அங்கயே குடுத்தர்றனுங்க. போதுமா?"

போதும் என்று வந்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அடுப்பு பற்ற வைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இலையில் கொடுத்தனுப்பினார்கள். கொஞ்சம் சாப்பிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

வாரிசு சான்றுக்கு உன் ஆஸ்பத்திரி காகிதம் வேண்டும் என்றார்கள். பையைக் கொட்டினேன்.

முதலில் எண்ணெய் வைத்தியர். அப்புறம் எலும்பு டாக்டர். முப்பத்தெட்டு வருசம் ஸ்டியரிங் பிடித்த முதுகு, டிரைவர் முதுகு இப்படித்தான் இருக்கும் என்று நீயே எல்லாரிடமும் சொன்னாய். நானும் அதையே சொன்னேன். பெல்ட் வாங்கிக் கட்டினோம். மூன்றாவது டாக்டர்தான் ரத்தத்தைப் பார்த்தார். அந்த டெஸ்டில் அளவு நாலுக்குள் இருக்க வேண்டுமாம். உனக்கு எண்ணூற்றுச் சொச்சம். ஸ்கேனில் இடுப்பு, முதுகு, விலா எல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. எள்ளை இறைத்த மாதிரி இருந்தது. நான் படம் சரியாக விழவில்லை என்று நினைத்தேன்.

"நாலஞ்சு வருசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்மா இது. அப்பவே வந்திருந்தா" என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார். நீ அப்போது தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாய். நான் அதிர்ந்துபோய் அழுதேன். நீ அதிரவில்லை. உனக்குத் தைரியம் அதிகம் என்று பூங்கொடியிடம்கூடச் சொன்னேன்.

ஜனவரி 24, சனி

மத்தியானம் வையாபுரித் தம்பி போன் செய்தார். "குடுத்தாச்சுங்க அண்ணி." கோயிலுக்குப் போகக் கூடாத வருசம். வாசலில் நின்றே மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஜனவரி 29, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது. ஒன்று புள்ளி ஒன்று! நாலுக்குள் இருந்தால் போதும், ஒன்றுதான் இருக்கிறது. சுகரும் இல்லையாம். டீக்கு மூணு கரண்டி போடுகிற ஆளுக்கு சுகர் இல்லை என்றால் அதிசயம்தான்.

"இப்ப நிம்மதியா அண்ணி? இனி என்ற உசுர வாங்காதீங்க" என்றார். பூங்கொடி கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சந்தோசத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

வரும் வழியில் நாச்சிமுத்து அண்ணன் எதிரில் வந்தார். நிறுத்தி, ஒன்று புள்ளி ஒன்று என்று சொன்னேன். "அப்படியா" என்றார். முகம் வெளிறிவிட்டது. வெயில் என்று நினைத்தேன். என்னென்னவோ நினைத்திருக்கிறேன்.

ஜனவரி 31, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு நாச்சிமுத்து அண்ணன் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, அந்த ரிசல்ட்டு வையாபுரியோடதில்லீங்க."

எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னார். செட்டில் பாதிப் பேருக்கு சுகர். கேம்பில் சுகர் அதிகம் என்று எழுதிவிட்டால் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைப்பார்கள். அதனால் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு ஆள் போய் உட்கார்ந்துகொள்வான். பட்டியலில் பேர் கூப்பிடுவார்கள், கையை நீட்டினால் ரத்தம் எடுப்பார்கள். முகத்தை யார் பார்க்கிறார்கள்? வையாபுரித் தம்பிக்கு இந்தத் தடவை ரத்தம் கொடுத்தது மெக்கானிக் செல்லப்பன். முப்பத்தெட்டு வயசு.

"இது எத்தனை வருசமா நடக்குதுங்க?"

"ரொம்ப நாளாங்க." தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் சுகருங்க அம்மிணி. நாலு வருசம் முன்னால எனக்குக் குடுத்தது அர்த்தநாரி."

உன் பேர். நான் வாயால் சொல்லாத பேர்.

நீ அப்போது வேலையை விட்டு ஒரு வருசம். உனக்கு சுகர் கிடையாது, சுத்தமான ரத்தம் என்று செட்டில் உனக்குப் பேராம். பழைய காக்கியைப் போட்டுக்கொண்டு போய், நாச்சிமுத்து என்று கூப்பிட்டபோது எழுந்து கையை நீட்டியிருக்கிறாய். ரிசல்ட் நாச்சிமுத்து அண்ணன் பேரில் வந்தது. சுகர் நன்றாக இருந்தது. அம்பது தாண்டினவர்களுக்குப் பார்க்கிற அந்த இன்னொன்று பதினெட்டு. டாக்டரிடம் காட்டிவிட்டு வா என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். ஈரோட்டுக்குப் போய்ச் சொந்த ரத்தம் கொடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

"அப்பத்தானுங்க எனக்கு வெளங்குச்சு. ரெண்டு காயிதத்தையும் எடுத்துக்கிட்டு நேரா அவன் தெனம் டீ குடிக்கற பேக்கரிக்குப் போனேன். டேய் அர்த்தநாரி, இது உன்றதுடா, போயிக் காட்டுடான்னேன். அவன் சிரிச்சானுங்க. காயிதத்துல யாரு பேரு? உன்ற பேரு. பேரு உனக்குன்னா சீக்கும் உனக்குத்தாண்டா நாச்சின்னான். ஒரு பன்னை எடுத்து என்ற வாயில திணிச்சான்."

"அப்புறம்?"

"ரெண்டு தடவை கேட்டனுங்க. போயிப் பாத்துட்டேன், ஒண்ணுமில்லேன்னுட்டாங்கன்னான். அம்மிணிகிட்டச் சொல்லிருவேன்னேன். சொன்னா என்ற மொகத்துல முழிக்காதேன்னான்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவனுக்காக மட்டும் நான் வாய மூடலீங்க. சொன்னா, ஆள் மாத்துனது வெளிய வரும். என்ற சீட்டும் போவும். அதையும் நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன்."

நான் திட்டவில்லை. அழவும் இல்லை. டீ குடிக்கிறீங்களா என்று கேட்டேன். அவர் போன பிறகு, நிரம்பி இருந்த குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 1

உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தே இருந்தது.

பிப்ரவரி 2, திங்கள்

தறிக்குப் போகவில்லை.

ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

நாலு வருசம் முன்னால் மாசி மாசம். நாச்சிமுத்து அண்ணன் சம்சாரம் லோகாம்பாள் அக்கா நம் வீட்டுக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் கேம்பில் ஏதோ அதிகம் என்று வந்துவிட்டதாம். ஆள் மாற்றின விசயம் அவளுக்குத் தெரியாது. நீ கட்டிலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாய்.

நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். அக்கா, வெட்கப்பட்டா ஆகுமா, ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க, ஆரம்பத்துல பாத்தா ஒண்ணுமில்ல, அடம் பிடிச்சாலும் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டுப் போங்க என்றெல்லாம் சொன்னேன். அவ்வளவும் சொன்னேன். யார் வேண்டுமானாலும் அந்த அக்காவைக் கேட்கலாம்.

அதற்கு முன்னால் கொஞ்சம் சிரித்தோம். வெரல உட்டுப் பாப்பாங்களாமா என்று அவள்தான் ஆரம்பித்தாள். அந்த மீசைய வெச்சுக்கிட்டு அண்ணன் எப்படிக் குனிஞ்சு நிப்பாரு என்று நான் கேட்டேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொம்பளைகள் பேசினால் அப்படித்தான். பெரிசாக ஒன்றுமில்லை.

நீ கடலைத் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாய். பொழுது சாய வந்தாய். "நல்லாத்தான் பேசுற புள்ள. டாக்டருக்குப் படிச்சிருக்கலாம் நீ" என்றாய்.

நான் பெருமையாக நினைத்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பஸ் செட்டுக்குப் போனேன். தாலி இறங்கி மூணு மாசம்கூட ஆகவில்லை, இப்படி வெளியே அலைகிறாளே என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

மத்தியானம் ஒரு மணி. பஸ்களை வரிசையாக நிறுத்திவிட்டு, நிழலில் டிபன் கேரியரைப் பிரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வையாபுரித் தம்பி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இங்க எதுக்குங்க வந்தீங்க? வீட்டுக்கு வாரேன், போங்க."

"செல்லப்பன் யாருங்க?" என்று கேட்டேன்.

கிரீஸ் கையோடு ஒருத்தன் எட்டிப் பார்த்தான். எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"உனக்கு ஒண்ணு புள்ளி ஒண்ணு கண்ணு. நல்லா இரு" என்றேன். "என்ற கொழுந்தனாருக்கு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது."

"அண்ணி, பத்துப் பேரு முன்னால மானத்த வாங்காதீங்க."

"உங்க அண்ணனும் மானத்தத்தான் பாத்தாரு. இதே செட்டுல இன்னொருத்தர் பேருல ரத்தம் குடுத்தாரு. பதினெட்டுன்னு வந்துச்சு. எண்ணூறு ஆவுற வரைக்கும் மானத்தோட இருந்தாரு." ஒரு அடி கிட்டப் போனேன். "எங்களுக்குப் பையன் இல்ல, ஒத்தப் பொண்ணுதான்னு நீங்கதானே தம்பி கொள்ளி வெச்சீங்க. அண்ணனுக்குக் கொள்ளி வெச்ச கை அது. அந்தக் கையில ஊசி குத்த மட்டும் வேற ஆளா?"

ஒருத்தன், "சும்மா ஒரு சுகருக்காகத்தானுங்க அக்கா, அதுல போயி இதையும் பாப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்" என்று முனகினான். செல்லப்பன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நான் வருசம் மூணு பேத்துக்குக் குடுப்பனுங்க. சும்மா ரத்தந்தானேன்னு நெனச்சேன்" என்றான். சின்ன முகம். அழுதுவிடுவான் போல இருந்தது.

நான் பேர் சொல்லவில்லை. நாச்சிமுத்து அண்ணன் தானாகவே எழுந்தார். கையில் பிசைந்த சோறு.

"அர்த்தநாரி குடுத்தது என்ற பேருலதான். எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்கு சுகரு. ஆறு வருசமா இருக்குது. மேனேஜர்கிட்ட நானே போயிச் சொல்றேன். சீட்டுப் போனாப் போவுது. அம்பது தாண்டுனவன் எவனா இருந்தாலும் இனி அவனவன் ரத்தத்த அவனவன் குடுங்கடா."

உட்கார்ந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. வையாபுரித் தம்பி பாதிச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பிப்ரவரி 7

நாச்சிமுத்து அண்ணனைக் கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். லோகாம்பாள் அக்கா தெருவில் பார்த்தும் பேசாமல் போனாள்.

பிப்ரவரி 9, திங்கள்

காலை ஏழு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். வையாபுரித் தம்பி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தார்.

"வாங்க. உங்க முன்னாலயே குடுக்கறேன். அப்புறம் செல்லப்பன் கையின்னு சொல்லுவீங்க."

ஆஸ்பத்திரி லேபில் நான் நகரவில்லை. நர்ஸ் வெளியே இருங்கம்மா என்றாள். இவரை நம்ப முடியாது கண்ணு, பாத்துட்டே இருக்கேன் என்றேன். வையாபுரித் தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டார். குழாயில் ரத்தம் ஏறியது. பேர் எழுதினதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வையாபுரி. அவர் பேர், அவர் ரத்தம்.

பிப்ரவரி 12, வியாழன்

ஒன்பது.

டாக்டரம்மா அதே ஆள்தான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். ஒன்பது என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, சுரப்பி வீங்கினாலும் ஏறும், ஆனால் அண்ணனுக்கு இருந்ததால் விடக் கூடாது, திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். "எதுவா இருந்தாலும் கையாளலாங்க. நல்ல நேரத்துல வந்துட்டீங்க" என்று சொன்னார். விரலால் பார்த்ததும் ரெண்டு நிமிசம்கூட ஆகவில்லை. அதற்குத்தான் இத்தனை வருசக் கேலி.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை இல்லாமல். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். டீ தளும்பி வேட்டியில் விழுந்தது. துடைக்கவில்லை. வழக்கம்போல ஏதாவது கேலி பேசுவார் என்று காத்திருந்தேன்.

"பயமா இருக்குதுங்க அண்ணி" என்றார்.

அவ்வளவுதான். அம்பத்தேழு வயசு ஆள், முப்பது வருசம் பஸ் ஓட்டின ஆள், பச்சைப் பிள்ளை மாதிரி சொல்லிவிட்டார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். கொழுந்தனை இதற்கு முன்னால் நான் தொட்டதில்லை. திங்கட்கிழமை நானும் வாரேன் தம்பி என்றேன். தலையை ஆட்டினார். பிறகு பூங்கொடிக்கு போன் போட்டுத் தானாகவே எல்லாவற்றையும் சொன்னார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதானா கருவாயா? இந்த ஒரு வார்த்தைதானா? கேம்பில் ஏதோ அதிகம் என்று லோகாம்பாள் அக்கா சொன்னபோது, கையில் கடலையோடு உட்கார்ந்திருந்தாயே. அவள் போன பிறகு, "எனக்குப் பயமா இருக்குது புள்ள" என்று நீ சொல்லியிருந்தால், அப்போதும் நான் சிரித்திருப்பேன் என்றா நினைத்தாய்?